கிரியாட்டினின் இறங்கிவிட்டால் சிறுநீரகம் ஆறிவிட்டதா?

கடுமையான வயிற்றுப்போக்கு, ரத்தத்தில் கிருமித் தொற்று, பெரிய அறுவை சிகிச்சை என ஏதோ ஒன்றால் சிறுநீரகம் திடீரென்று அடிபடுகிறது. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு ஏறுகிறது. டிரிப்ஸ் ஏற்றி, மருந்து கொடுத்து, சில நாளில் அது இறங்கியும் விடுகிறது. 'நார்மல் ஆகிவிட்டது' என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதன் பிறகு சிறுநீரகத்தைப் பற்றி யாரும் நினைப்பதில்லை.

அப்படி மறந்துவிடக் கூடாது என்பதைத்தான் கடந்த 15 ஆண்டு ஆராய்ச்சி திரும்பத் திரும்பச் சொல்கிறது. சில நாளில் வந்துபோகும் திடீர் சிறுநீரகக் காயமும், ஆண்டுக்கணக்கில் வளரும் நாள்பட்ட சிறுநீரக நோயும் தனித்தனி நோய்கள் என்றே முன்பு பாடம் நடத்தினார்கள். இப்போது அவை ஒரே கயிற்றின் இரு முனைகளாகப் பார்க்கப்படுகின்றன. திடீர் காயம் பட்டவருக்கு நாள்பட்ட நோய் வர வாய்ப்பு அதிகம். நாள்பட்ட நோய் உள்ளவருக்குத் திடீர் காயம் எளிதில் வருகிறது. மருத்துவமனையில் சேர்க்கப்படும் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் திடீர் காயம் ஏற்படுகிறது என்று பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்த 2013ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆகவே இது அரிதான விஷயமே இல்லை.

வடிகட்டுவதைவிட மீட்டெடுப்பதுதான் பெரிய வேலை

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் என்ற நுண்ணிய வடிகட்டும் அலகுகள் சராசரியாக 10 லட்சம் இருக்கின்றன. ஆளுக்கு ஆள் இது மிகவும் மாறும். 2 லட்சம் மட்டுமே உள்ளவர்களும் உண்டு, 20 லட்சத்தைத் தாண்டியவர்களும் உண்டு. தாயின் வயிற்றில் 36ஆவது வாரம் வாக்கில் புதிய நெஃப்ரான் உருவாவது நின்றுவிடுகிறது. அதன் பிறகு இழந்த நெஃப்ரானுக்குப் பதில் இன்னொன்று முளைப்பதில்லை. இந்த ஒரு உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் 20 முதல் 25 சதவீதம் சிறுநீரகங்களுக்குப் போகிறது. நெஃப்ரானின் தொடக்கத்தில் குளோமருலஸ் என்ற நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சு இருக்கிறது. அங்கே நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவம் வடிகட்டப்படுகிறது. ஆனால் நாம் கழிப்பது ஒன்றரை லிட்டர் சிறுநீர்தான். மீதி முழுவதையும், உப்பு, சர்க்கரை, பைகார்பனேட் எல்லாவற்றோடும் சேர்த்து, முடிச்சைத் தொடர்ந்து வரும் நுண்குழாய் ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கை முதல் பகுதியான அண்மை நுண்குழாயே செய்துவிடுகிறது.

இதற்கு ஏராளமான ஆற்றல் வேண்டும். அண்மை நுண்குழாய்ச் செல்கள், ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா நிரம்பியவை. கொழுப்பை ஆக்சிஜனோடு எரித்தே வேலை செய்பவை. ஆக்சிஜன் குறைந்தால் சர்க்கரையை நொதித்துச் சமாளிக்கும் திறன் இவற்றுக்கு மிகக் குறைவு. போதாக்குறைக்கு இந்த நுண்குழாயின் கடைசிப் பகுதி சிறுநீரகத்தின் உட்புறத்தில், இயல்பாகவே ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அமைந்திருக்கிறது. வெளிப்புறத்தில் 50 மி.மீ. பாதரச அளவில் இருக்கும் ஆக்சிஜன் அழுத்தம் உள்ளே 10 முதல் 20க்குத் தாழ்ந்துவிடுகிறது. ரத்த ஓட்டம் சற்றே குறைந்தாலும் முதல் அடி விழுவது இந்தச் செல்கள் மேல்தான்.

கிரியாட்டினின் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது

தசையில் அன்றாடம் ஒரே சீராக உண்டாகும் கழிவுப்பொருள் கிரியாட்டினின். சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. வடிகட்டும் வேகம் பாதியானால் ரத்தத்தில் அதன் அளவு இரட்டிப்பாகும். கணக்கு சரிதான். ஆனால் அது இரட்டிப்பாக நேரம் பிடிக்கும்.

ஒரு தொட்டியில் குழாய் ஒரே அளவில் கொட்டிக்கொண்டிருக்கிறது, அடியில் வடிகால் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வடிகால் பாதி அடைத்துக்கொண்டால் நீர்மட்டம் அந்த நொடியே உயர்ந்துவிடாது. மெல்ல மெல்ல ஏறிப் பல மணி நேரம் கழித்துத்தான் புதிய மட்டத்தில் நிற்கும். இரண்டு சிறுநீரகங்களும் முழுவதுமாக நின்றுபோனால்கூடக் கிரியாட்டினின் ஒரு நாளைக்கு டெசிலிட்டருக்குச் சுமார் 1 முதல் 1.5 மி.கி. தான் ஏறும். காலையில் 0.8 இருந்தவருக்கு மறுநாள் காலை 1.9 என்று வரும்போது பார்ப்பவர்களுக்கு 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று தோன்றும். உண்மையில் வடிகட்டல் ஏறக்குறைய நின்றே போயிருக்கலாம். பரிசோதனைக்கூட அறிக்கையில் அச்சாகும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற, வடிகட்டும் வேகத்தை மதிப்பிடும் எண்ணும் இந்த நிலையில் உதவாது. கிரியாட்டினின் ஒரே மட்டத்தில் நிற்கிறது என்ற அனுமானத்தில் போடப்படும் கணக்கு அது.

இரண்டாவது சிக்கல் தசை. 65 வயதுப் பெண்ணுக்குக் கிரியாட்டினின் 1.2 என்றால், 2021ஆம் ஆண்டின் சி.கே.டி.-எபி சூத்திரப்படி இ.ஜி.எஃப்.ஆர். சுமார் 50. அதே 1.2 ஒரு 25 வயது இளைஞருக்கு இருந்தால் சுமார் 86. அறிக்கையில் இருவருக்கும் பக்கத்தில் 'இயல்பு' என்றே போட்டிருப்பார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு மூன்று வாரம் படுத்திருப்பவர்களுக்கு இது இன்னும் மோசமாகிறது. தசை கரைந்துவிடுவதால் கிரியாட்டினின் உற்பத்தியே குறைந்துவிடும். சிறுநீரகம் தேறாமலேயே எண் இறங்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது 'பழைய நிலைக்கு வந்துவிட்டது' என்று எழுதப்படுவதில் ஒரு பகுதி இந்தத் தசை இழப்பின் விளைவுதான்.

எதிர்த்திசையிலும் ஏமாறலாம். டிரைமெத்தோபிரிம் என்ற கிருமிக்கொல்லி, நுண்குழாய் வழியே கிரியாட்டினின் வெளியேறுவதைத் தடுக்கிறது. காயம் எதுவும் இல்லாமலே எண் ஏறும். இறைச்சி நிறையச் சாப்பிட்ட பிறகும், உடற்பயிற்சி செய்பவர்கள் எடுத்துக்கொள்ளும் கிரியாட்டின் தூளாலும் சற்று ஏறும். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. கருவுள்ள எல்லாச் செல்களும் உண்டாக்கும் புரதம் என்பதால் தசை அளவு அதை அதிகம் பாதிக்காது. தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு, உடல் பருமன், அழற்சி ஆகியவை மட்டும் அதை மாற்றும். கிரியாட்டினின், சிஸ்டாட்டின் சி இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவதே துல்லியமானது என்று சர்வதேச சிறுநீரக வழிகாட்டு அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ.வின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது.

காயம் என்று எப்போது சொல்வது

கே.டி.ஐ.ஜி.ஓ. 2012இல் வகுத்த வரையறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் 0.3 மி.கி./டெ.லி. ஏறினாலோ, 7 நாளுக்குள் பழைய அளவைப்போல் ஒன்றரை மடங்கானாலோ, உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிக்கும் குறைவாகச் சிறுநீர் 6 மணி நேரம் தொடர்ந்தாலோ அது திடீர் சிறுநீரகக் காயம். மூன்றில் ஒன்று போதும்.

கடைசி அளவை ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லி. 6 மணி நேரத்தில் 180 மில்லி. அதற்குக் கீழே போனால் எச்சரிக்கை. கிரியாட்டினின் அசையும் முன்பே பல நேரம் சிறுநீர் அளவு குறைந்துவிடும். ஆனால் வார்டில் மணிக்கு மணி சிறுநீரை அளந்து எழுதுவது எல்லா இடத்திலும் ஒழுங்காக நடப்பதில்லை என்பதால், விலை எதுவும் இல்லாத இந்த அறிகுறி வீணாகிறது. இதைவிட வருத்தமான விஷயம், பழைய கிரியாட்டினின் எண் கையில் இல்லாமல் போவது. 0.8 இலிருந்து 1.2க்கு ஏறுவது ஒன்றரை மடங்கு, முதல் கட்டக் காயம். பழைய 0.8 யாருக்கும் தெரியாவிட்டால் 1.2 நல்ல எண்ணாகத் தெரியும்.

இரண்டு மடங்கு ஏறினால் இரண்டாம் கட்டம். மூன்று மடங்கானாலோ, 4.0ஐ எட்டினாலோ, டயாலிசிஸ் தொடங்கினாலோ மூன்றாம் கட்டம். காயமோ செயல்குறைவோ மூன்று மாதத்தைத் தாண்டியும் நீடித்தால் அது நாள்பட்ட நோய்.

அடி எங்கிருந்து விழுகிறது

காரணங்களை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைவது, சிறுநீரகத்துக்குள்ளேயே சேதம், வெளியேறும் வழியில் அடைப்பு. மூன்றாவதை ஒரு ஸ்கேனில் பார்த்துவிடலாம். புராஸ்டேட் வீக்கமோ கல்லோ காரணமாக இருந்தால் அடைப்பை நீக்கியதும் பெரும்பாலும் சரியாகும். அதனால்தான் அதை முதலிலேயே தேடிவிட வேண்டும்.

ரத்தம் குறைவதில் மருந்துகளின் பங்கைப் புரிந்துகொள்வது அன்றாட வாழ்வுக்கு உதவும். குளோமருலஸுக்கு உள்ளே வரும் குழாய் ஒன்று, வெளியே போகும் குழாய் ஒன்று. உடலில் நீர் வற்றும்போது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உள்வரும் குழாயை விரித்துவைக்கிறது. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் வெளிப்போகும் குழாயை இறுக்குகிறது. இப்படித்தான் உள்ளே அழுத்தம் காப்பாற்றப்படுகிறது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் முதல் பாதுகாப்பைப் பறிக்கின்றன. ராமிபிரில், டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் போன்ற பி.பி. மாத்திரைகள் இரண்டாவதைத் தளர்த்துகின்றன. இவற்றோடு சிறுநீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்து, அந்த நேரம் பார்த்து வயிற்றுப்போக்கும் வந்தால், வடிகட்டல் சட்டென்று சரிகிறது. தனித்தனியே ஒவ்வொன்றும் பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பானதுதான். மூன்றும் சேரும்போதுதான் ஆபத்து.

ரத்தத்தில் கிருமித் தொற்று பரவும்போது ஏற்படும் காயம் வேறு மாதிரி. அங்கே சிறுநீரகத்துக்குப் போகும் மொத்த ரத்தம் குறையாமல், சில நேரம் கூடியும் இருக்கும். ஆனாலும் காயம் உண்டாகிறது. நுண் ரத்தக்குழாய்களில் ஓட்டம் சீர்குலைவது, கிருமிகளின் துண்டுகளும் அழற்சிப் பொருட்களும் நுண்குழாய்ச் செல்களைத் தாக்குவது, மைட்டோகாண்ட்ரியா வேலையைக் குறைத்துக்கொள்வது ஆகியவை இப்போது முன்வைக்கப்படும் விளக்கங்கள். 'திரவம் ஏற்றிக்கொண்டே இருந்தால் சரியாகும்' என்ற பழைய நம்பிக்கை இங்கே பொய்க்கிறது. தேவைக்கு மேல் ஏற்றிய நீர் சிறுநீரகத்தையே வீங்கவைத்து, சிரை அழுத்தத்தைக் கூட்டி, வடிகட்டலை இன்னும் குறைக்கும்.

நேரடியாகச் செல்லைக் கொல்பவையும் உண்டு. ஜென்டாமைசின், அமிகாசின் வகைக் கிருமிக்கொல்லிகள், புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின், நசுங்கிய தசையிலிருந்து கொட்டும் மயோகுளோபின் ஆகியவை அண்மை நுண்குழாய்ச் செல்லுக்குள்ளேயே போய்ச் சேர்கின்றன.

உள்ளே ஆறுவதும் ஆறாமல் போவதும்

அடிபட்ட சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்லை நெருங்கிப் பார்ப்போம். ஆற்றல் தீர்ந்ததும் அதன் உள்முகப்பில் தூரிகைபோல் அடர்ந்திருக்கும் நுண்விரல்கள் உதிர்கின்றன. செல்லை அடித்தளத்தோடு பிணைத்த கொக்கிகள் விடுபடுகின்றன. சில செல்கள் செத்து, சில உயிரோடே பெயர்ந்து, நுண்குழாய்க்குள் விழுகின்றன. சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் யூரோமாடுலின் என்ற புரதத்தோடு அவை கட்டியாகிக் குழாயை அடைக்கின்றன. நோயாளியின் புதிய சிறுநீரைச் சுழற்றி, அடியில் படிவதை நுண்ணோக்கியில் பார்த்தால், சேற்றுப் பழுப்பு நிறத்தில் உருளைகளாக இவை தெரியும். நுண்குழாய்ச் சேதத்துக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் குறைவு. பத்து நிமிட வேலை. ஆனாலும் பல இடங்களில் செய்யாமல் விடப்படுகிறது.

அடுத்து நடப்பது வியக்கவைப்பது. உயிர் பிழைத்த பக்கத்துச் செல்கள் தங்கள் முதிர்ந்த வடிவத்தைக் கைவிட்டு, தட்டையாகப் பரவி, காலியான இடத்தை மூடி, பிரிந்து பெருகி, பிறகு மீண்டும் முதிர்ந்த செல்லாக மாறுகின்றன. லேசான காயம் இப்படித்தான் ஆறுகிறது. ஆனால் எல்லாச் செல்லும் கடைசிப் படியை எட்டுவதில்லை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2010இல் எலிகளில் காட்டியது இது: சில செல்கள் பிரியத் தொடங்கி நடுவழியில் சிக்கிக்கொள்கின்றன, சிக்கியவை தழும்பைத் தூண்டும் புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன.

2020இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஒவ்வொரு செல்லின் கருவிலும் எந்தெந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று தனித்தனியே படித்தது. எலிச் சிறுநீரகத்துக்கு ரத்தத்தைச் சிறிது நேரம் நிறுத்தித் திறந்துவிட்டு, 4 மணி நேரம் முதல் 6 வாரம் வரை பார்த்தார்கள். 6 வாரம் கழிந்த பிறகும் ஆறத் தவறிய ஒரு தனிக் கூட்டம் அண்மை நுண்குழாய்ச் செல்களில் இருந்தது. விகேம்-1 என்ற ஒட்டுப்புரதத்தைத் தாங்கிய அந்தச் செல்கள் அழற்சிச் செல்களை அழைத்துக்கொண்டே இருந்தன. அமெரிக்க அரசு நிதியில் நடக்கும் சிறுநீரகத் துல்லிய மருத்துவத் திட்டம் தன்னார்வலர்களிடம் திசு எடுத்து ஆராய்ந்து, 2023இல் மனிதச் சிறுநீரகத்தின் செல் வரைபடத்தை வெளியிட்டது. மனிதர்களிலும் இதே போன்ற செல்கள், திடீர் காயத்திலும் நாள்பட்ட நோயிலும், காணப்பட்டன. இரண்டு நோயையும் இணைக்கும் கயிறு இந்தச் செல்கள்தான் என்று நினைக்க இது வலுவான காரணம்.

ஆறாத செல்லைச் சுற்றி நுண் ரத்தக்குழாய்கள் மறைகின்றன, நார்த்திசு படிகிறது, ஒரு நெஃப்ரான் போகிறது. மீதமுள்ளவை கூடுதலாக வேலை செய்து ஈடுகட்டுகின்றன. சிறுநீரகத்தைத் தானம் செய்தவரைப் பாருங்கள்: நெஃப்ரான்களில் பாதி போன பிறகும் அவருடைய வடிகட்டும் திறன் பழையதில் மூன்றில் இரண்டு பங்குக்குத் திரும்புகிறது. காயத்தில் கால்வாசி நெஃப்ரானை இழந்தவருக்குக் கிரியாட்டினின் பழைய இடத்துக்கே வந்து நிற்பதில் வியப்பில்லை. இழப்பு நடந்திருக்கிறது, எண்ணில் தெரியவில்லை. ஈடுகட்டும் நெஃப்ரான்களுக்குள் உயர்ந்த அழுத்தம், ஆண்டுகள் போகப்போக அவற்றையும் தேய்க்கும்.

முன்கூட்டியே அறியும் சோதனைகள்

என்.ஜி.ஏ.எல்., கிம்-1 ஆகிய புரதங்கள் நுண்குழாய் அடிபட்ட சில மணி நேரத்தில் சிறுநீரில் ஏறுகின்றன. டிம்ப்-2, ஐ.ஜி.எஃப்.பி.பி.7 என்ற இரண்டும், செல் அழுத்தத்தில் இருக்கும்போதே வெளிப்படுகின்றன. இந்த இரண்டையும் பெருக்கிக் காட்டும் சோதனைக்கு அமெரிக்காவில் 2014இல் அனுமதி கிடைத்தது. என்.ஜி.ஏ.எல். சோதனை குழந்தைகளுக்கு 2023 இறுதியில் அனுமதிக்கப்பட்டது. அடையாளம் தெரிந்து என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. 2017இல் ஜெர்மனியில் நடந்த பிரெவ்-ஏ.கே.ஐ. ஆய்வு அதற்கு ஒரு பதில் தந்தது. இதய அறுவை சிகிச்சைக்குப் பின் இந்தச் சோதனையில் ஆபத்து தெரிந்தவர்களுக்கு ரத்த அழுத்தத்தையும் திரவத்தையும் கூர்ந்து கவனித்து, சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்துகளை நிறுத்தி, சர்க்கரையைக் கட்டுப்படுத்தியபோது காயம் 71.7 சதவீதத்திலிருந்து 55.1 சதவீதமாகக் குறைந்தது. புது மருந்து எதுவும் இல்லை. தெரிந்த கவனிப்பை நேரத்தில் செய்ததுதான்.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. உடலில் நீர் வற்றாத நோயாளிக்குச் சிறுநீர் பிரியவைக்கும் ஃபுரோசெமைடு ஊசியைக் கிலோவுக்கு 1 மி.கி., முன்பே அதை எடுத்தவராக இருந்தால் 1.5 மி.கி. கொடுத்து, இரண்டு மணி நேரச் சிறுநீரை அளக்கிறார்கள். 200 மில்லிக்குக் குறைந்தால் காயம் மூன்றாம் கட்டத்துக்குப் போகும் வாய்ப்பு அதிகம். தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டுமே செய்ய வேண்டியது இது.

எது பலித்தது, எது பலிக்கவில்லை

திடீர் காயத்தைக் குணமாக்கும் மருந்து என்று இன்று வரை எதுவும் நிலைபெறவில்லை. குறைந்த அளவில் கொடுத்த டோபமைன் என்ற மருந்து 2000இலேயே பலனற்றது என்று நிரூபிக்கப்பட்டது. ஸ்கேன், ஆஞ்சியோவின்போது ஏற்றும் சாய மருந்தால் வரும் காயத்தைத் தடுக்க ஆண்டுக்கணக்கில் கொடுத்த அசிட்டைல்சிஸ்டீனும் பைகார்பனேட்டும் 5,000 பேருக்கு மேல் பங்கேற்ற 2018 பிரிசர்வ் ஆய்வில் உதவவில்லை.

நம்பிக்கை தந்த ஒன்று புரொடெக்‌ஷன் ஆய்வு. 2024இல் வெளியானது, செயற்கை இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 3,511 பேர். அமினோ அமிலக் கரைசலைக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 கிராம் என்ற கணக்கில், அதிகபட்சம் மூன்று நாள் ஏற்றினார்கள். காயம் ஏற்பட்டோர் 31.7 சதவீதத்திலிருந்து 26.9 சதவீதமானார்கள். சிறுநீரகம் இருப்பில் வைத்திருக்கும் வடிகட்டும் திறனை அமினோ அமிலம் தட்டி எழுப்புகிறது என்பது அடிப்படை. டயாலிசிஸ் தேவையும் இறப்பும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டயாலிசிஸை எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கு 2020இன் ஸ்டார்ட்-ஏ.கே.ஐ. ஆய்வு தெளிவான விடை தந்தது. ஏறத்தாழ 3,000 பேரில் ஒரு பாதிக்கு உடனே தொடங்கினார்கள். மறு பாதிக்குக் கட்டாயம் வரும்வரை காத்திருந்தார்கள். 90 நாளில் இறப்பு 43.9, 43.7 சதவீதம், வித்தியாசமே இல்லை. காத்திருந்தவர்களில் பத்தில் நான்கு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்படவே இல்லை. உயிர் பிழைத்தவர்களில் 90 நாளுக்குப் பிறகும் டயாலிசிஸைச் சார்ந்திருந்தோர், உடனே தொடங்கிய பிரிவில் 10.4 சதவீதம், காத்திருந்த பிரிவில் 6.0 சதவீதம். 'இன்னும் ஏன் டயாலிசிஸ் செய்யவில்லை' என்று தவிக்கும் குடும்பத்தினருக்கு இந்த எண்கள் தெரிந்திருப்பது நல்லது. பொட்டாசியம் ஆபத்தான அளவு ஏறுவது, ரத்தம் கடுமையாக அமிலமாவது, நுரையீரலில் நீர் கோப்பது ஆகியவை வந்துவிட்டால் மட்டும் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

தேய்வைத் தள்ளிப்போடும் மருந்துகள்

நாள்பட்ட நோயில்தான் உண்மையான பாய்ச்சல் நடந்திருக்கிறது. ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மாத்திரைகள் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தைக் காப்பதாக 2001இல் ஆய்வுகள் காட்டிய பிறகு ஏறத்தாழ 18 ஆண்டுகள் புதிதாக எதுவுமே கிடைக்கவில்லை. பிறகு வரிசையாக வந்தன. சர்க்கரை நோய்க்கென்று உருவான எஸ்.ஜி.எல்.டி.-2 தடுப்பான்கள் முதலில்: 2019இல் கனாகிளிஃப்ளோசின், 2020இல் டாபாகிளிஃப்ளோசின், 2022இல் எம்பாகிளிஃப்ளோசின். டாபா ஆய்வில் பங்கேற்ற 4,304 பேரில் மூன்றில் ஒரு பங்கினருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. அவர்களுக்கும் பலன் கிடைத்தது. மொத்தத்தில் சிறுநீரகம் கடுமையாகத் தேய்வது, செயலிழப்பது, இதய-சிறுநீரகக் காரணங்களால் இறப்பது ஆகியவற்றின் ஆபத்து 39 சதவீதம் குறைந்தது. 90,000 பேரைத் தொகுத்த 2022ஆம் ஆண்டு ஆய்வில் இந்த மருந்துகள் திடீர் சிறுநீரகக் காயத்தையும் 23 சதவீதம் குறைத்தன. ஆரம்பத்தில் இவை காயத்தை உண்டாக்கும் என்று பயந்தவர்கள் பலர். தரவு நேர் எதிராக வந்தது.

இவை வேலை செய்யும் விதம் அழகானது. அண்மை நுண்குழாய் சர்க்கரையோடு சோடியத்தையும் உறிஞ்சுவதை மருந்து தடுக்கிறது. அதிகச் சோடியம் கீழே போவதை உணரும் செல்கள் உள்வரும் குழாயைச் சற்று இறுக்குகின்றன. குளோமருலஸுக்குள் அழுத்தம் குறைகிறது. அதனால்தான் தொடங்கிய முதல் வாரங்களில் இ.ஜி.எஃப்.ஆர். 3 முதல் 5 வரை இறங்கும். இதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ராமிபிரில், டெல்மிசார்ட்டன் வகையிலும் இப்படித்தான்: தொடங்கி 4 வாரத்துக்குள் கிரியாட்டினின் 30 சதவீதத்துக்கு மேல் ஏறாதவரை தொடரலாம். சிறுநீரகம் மிகவும் தேய்ந்தவர்களிடம் இவற்றை நிறுத்திப் பார்த்த 2022ஆம் ஆண்டின் ஸ்டாப்-ஏ.சி.இ. ஆய்வில், நிறுத்தியதால் சிறுநீரகம் தேறவில்லை.

இவற்றோடு ஃபினெரெனோன் என்ற மாத்திரையும், வாரம் ஒரு முறை போடும் செமாகுளுடைடு ஊசியும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்குச் சேர்ந்திருக்கின்றன. 2024இல் வந்த ஃப்ளோ ஆய்வில் செமாகுளுடைடு கடுமையான சிறுநீரகப் பாதிப்புகளை 24 சதவீதம் குறைத்தது. ஃபினெரெனோன் பொட்டாசியத்தை ஏற்றும் என்பதால் தொடங்கி 4 வாரத்தில் பொட்டாசியம் பார்த்தே தீர வேண்டும், 5.5ஐத் தாண்டினால் நிறுத்திவைக்க வேண்டும்.

மூன்றாவது மாதம் என்ன பார்ப்பது

திடீர் காயம் பட்டவர்கள் மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. பெரும்பாலானவர்கள் கிரியாட்டினினை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துகிறார்கள். அதைவிட முக்கியமானது சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். காயத்துக்குப் பின் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த அசெஸ்-ஏ.கே.ஐ. ஆய்வில், மூன்றாம் மாதத்தில் இந்த விகிதம் கூடியிருப்பதே பின்னால் சிறுநீரகம் தேயும் என்பதற்கு வலுவான முன்னறிகுறியாக இருந்தது.

காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரில் பார்ப்பது நல்லது. கிராமுக்கு 30 மி.கி.க்குக் கீழ் இயல்பு. 30 முதல் 300 வரை மிதமாகக் கூடியது. அதற்கு மேல் கடுமை. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி ஆகியவை இதைப் பொய்யாக ஏற்றும். ஆகவே ஒரு முறை கூடியிருந்தால் மறுபடி எடுத்து உறுதிசெய்ய வேண்டும். இதோடு ரத்த அழுத்தம், பொட்டாசியம், உடல் இளைத்தவராக இருந்தால் சிஸ்டாட்டின் சி. மருத்துவமனையில் நிறுத்திய பி.பி., சர்க்கரை மாத்திரைகளில் எதை மீண்டும் தொடங்குவது என்று கேட்கவும் இதுவே நேரம். நிறுத்தியது நிறுத்தியபடியே ஆண்டுக்கணக்கில் கிடப்பது அடிக்கடி நடக்கிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது நல்லதல்ல.

டிஸ்சார்ஜ் குறிப்பில் 'திடீர் சிறுநீரகக் காயம்' என்ற வரியும், உச்சக் கிரியாட்டினினும், வீடு திரும்பிய நாளின் கிரியாட்டினினும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எழுதச் சொல்லுங்கள். அடுத்து உங்களுக்கு ஸ்கேன் மருந்தோ வலி ஊசியோ கொடுக்கப்போகும் டாக்டருக்கு இந்த மூன்றும் தேவை.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உணவும் நீரும் தங்காத நாட்களில் எந்த மாத்திரையை நிறுத்தலாம் என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக அந்தப் பட்டியலில் வருபவை சிறுநீர் பிரியும் மாத்திரை, ராமிபிரில், டெல்மிசார்ட்டன் வகை, எஸ்.ஜி.எல்.டி.-2 தடுப்பான், மெட்ஃபார்மின், வலி மாத்திரை. எஸ்.ஜி.எல்.டி.-2 தடுப்பான் எடுப்பவர் பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோன் அமிலம் சேர்ந்துவிடும் என்பதால் அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே அதை நிறுத்துகிறார்கள். ஆனால் இன்சுலின் எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. வழக்கம்போல் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரத்தில் நிறுத்திய மாத்திரைகளை மீண்டும் தொடங்கலாம். இரண்டு நாளாகியும் வாந்தி நிற்கவில்லை, அல்லது சிறுநீர் வெகுவாகக் குறைந்துவிட்டது என்றால் வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், அன்றே கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும்; போகும்போது பழைய அறிக்கையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.